ஓடிய உடம்பு உட்கார்ந்த பிறகு: யாழ்ப்பாணத்து முன்னாள் போராளிகளுக்கு எடையும் உடற்பயிற்சியும் பற்றிய முழுமையான வழிகாட்டி

இருபது வயதில் முதுகில் சுமையோடு இரவிரவாக நடந்தவர்கள், இன்று நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் கிளினிக் வாங்கில் நம்பர் வரும்வரை காத்திருக்கிறார்கள். கையில் மருந்துக் கொப்பி. அதில் சீனி, பிறசர், கொலஸ்ரோல். சிலருக்கு ஒரு கால் இல்லை. சிலருக்கு உடம்புக்குள் செல் துண்டு இன்னும் இருக்கிறது. நாரி நோ பலருக்கு. வயிறு முன்னால் தள்ளாதவர் குறைவு. அத்தனை சண்டையிலும் தப்பி வந்த ஒருவர் ஐம்பது வயதில் மாரடைப்பில் போய்விட்டார் என்று கேட்கும்போது மனம் ஆறுவதில்லை. அந்தச் சாவுகளில் பலவற்றைத் தள்ளிப்போட முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2009 மே மாதம் போர் முடிந்து, சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள். அதற்கு முன்பே விலகி வந்தவர்கள் வேறு. அவர்களையும், போரில் காயப்பட்ட பொதுமக்களையும், இவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டுக்காரரையும் நினைத்து எழுதியது இது. எந்தப் பக்கம் நின்று துவக்குப் பிடித்தவராக இருந்தாலும் உடம்பின் கணக்கு ஒன்றுதான்.

ஏன் இவர்களுக்கு எடை ஏறுகிறது

கடும் பயிற்சியில் வளர்ந்த உடம்பு நிறையச் சாப்பிடப் பழகியிருக்கும். அதோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும்: சாப்பாடு வந்தால் வேகமாக, வயிறு முட்டச் சாப்பிடுவது. அடுத்த வேளை எப்போது என்று தெரியாத காலத்தில் அதுதான் சரியான வழி. உழைப்பு நின்ற பிறகும் கையும் வாயும் அந்தப் பழைய வேகத்திலேயே போகின்றன.

ஊரும் மாறிவிட்டது. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது முழு யாழ்ப்பாணமும் சைக்கிளில்தான் ஓடியது. கொடிகாமத்திலிருந்து பட்டினத்துக்குத் தேங்காய் மூட்டையோடு சைக்கிள் உழக்கியவர்கள் இருந்தார்கள். பாதை திறந்து, லீசிங் வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மோட்டார் சைக்கிள் நிற்கத் தொடங்கியதும் அந்த உழைப்பு போய்விட்டது. தோட்டத்தில் துலா மிதித்த இடத்தில் நீர் இறைக்கும் இயந்திரம், மண்வெட்டி பிடித்த இடத்தில் லாண்ட்மாஸ்டர். முன்னாள் போராளிகளில் பலர் ஓட்டோ ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், காவலாளியாக இருக்கிறார்கள். எல்லாம் இருந்து செய்யும் வேலை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கென்று தனி அரசு வைத்தியசாலைகள் உண்டு. அங்கே வருபவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் உடற்பருமன் உள்ளவர்கள். படையை விட்டு விலகும் காலத்தை ஒட்டிய சில வருடங்களில்தான் எடை மிக வேகமாக ஏறுகிறது என்று அங்குள்ள நீண்டகால ஆய்வு காட்டியது. போர் மனதில் விட்ட காயமும் எடையையும் சீனி வருத்தத்தையும் கூட்டுகிறது என்பதை அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

இடமும் கணக்கில் வருகிறது. அதே நாட்டில் மிசிசிப்பி, மேற்கு வேர்ஜீனியா போன்ற மாநிலங்களில் உடற்பருமன் மிக அதிகம், மலையும் நடைபாதையும் நிறைந்த கொலராடோவில் மிகக் குறைவு. முன்னாள் படையினரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நாட்டுப்புறத்தில், வைத்தியசாலைக்குத் தூரமாக இருக்கிறார். 2006 இல் முன்னாள் படையினர் எல்லாருக்குமாக ‘மூவ்’ என்ற எடைக்குறைப்புத் திட்டம் தொடங்கியது. வர முடியாதவர்களுக்குத் தொலைபேசி வழியாகவே ஆலோசனை சொல்லும் ஏற்பாடும் பிறகு அதில் சேர்ந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவருக்குச் சொல்லும் திட்டத்தை நெடுந்தீவில் இருப்பவருக்கு அப்படியே கொடுக்க முடியாது என்பது எங்களுக்கும் பொருந்தும். இந்த வழிகாட்டி முழுக்க நான் அழுத்திச் சொல்லப்போவது அதைத்தான்: உங்கள் காயத்தையும் உங்கள் ஊரையும் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

படி 1: அளவெடுங்கள்

முதலில் தையல்காரரின் அளவு நாடா போதும். காலையில் வெறும் வயிற்றோடு நின்று, மூச்சைச் சாதாரணமாக விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி அளவுங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். இதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற தெற்காசிய உடம்புகளுக்கு இந்த வயிற்றுக் கொழுப்புத்தான் சீனி வருத்தத்தையும் மாரடைப்பையும் வெள்ளன கொண்டுவருகிறது.

அடுத்தது பிஎம்ஐ, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் எடுத்த உயரத்தால் இரண்டு தரம் வகுக்க வேண்டும். மேலை நாட்டுக் கணக்கில் 25 வரை பரவாயில்லை என்பார்கள். ஆசியர்களுக்கு 23 இலேயே கவனம் தேவை, 27.5 இல் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது.

கால் இழந்தவர்கள் இங்கே ஏமாந்து போகிறார்கள், கிளினிக்கிலும் சில நேரம் இது தவறிவிடுகிறது. இல்லாத காலின் பாரம் தராசில் விழாது. முழங்காலுக்குக் கீழே முழுவதும் பாதத்தோடு சேர்த்து உடம்பின் சுமார் 6 வீதம், தொடையோடு சேர்ந்த முழுக் கால் சுமார் 16 வீதம், முழுக் கை சுமார் 5 வீதம். செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். முழங்காலோடு கால் போன, 170 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் தராசில் 65 கிலோ காட்டுகிறார் என்று வைப்போம். நேரே கணக்குப் போட்டால் பிஎம்ஐ 22.5, நல்லது போலத் தெரியும். 65 ஐ 0.94 ஆல் வகுத்தால் 69 கிலோ வரும். அந்த எடையில் பிஎம்ஐ 23.9. அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். முழுக் காலும் போனவருக்கு 0.84 ஆல் வகுக்க வேண்டும், அதே 65 கிலோ அப்போது 77 கிலோவுக்குச் சமம். தொடையில் பாதியோ கணைக்காலில் பாதியோ மிஞ்சியிருந்தால் உண்மையான கணக்கு கொஞ்சம் குறையும். இரண்டு காலும் போனவர்கள் காயப்படுவதற்கு முந்திய உயரத்தைப் பயன்படுத்துங்கள்.

முள்ளந்தண்டு காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களுக்குத் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறியிருக்கும். அவர்களுக்கு பிஎம்ஐ 22 வந்தாலே உடற்பருமன் என்று கொள்வதுதான் பாதுகாப்பு.

படி 2: பயிற்சி தொடங்குமுன் ஒருதரம் காட்டுங்கள்

35 வயது தாண்டியவர்களுக்கு எடை, பிறசர், சீனி பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை அரசாங்க வைத்தியசாலைகளிலேயே நடத்துகிறார்கள். காசு இல்லை. பட்டினத்தில் போதனா வைத்தியசாலை, வடமராட்சிக்குப் பருத்தித்துறை, வலிகாமத்துக்குத் தெல்லிப்பழை, தென்மராட்சிக்குச் சாவகச்சேரி, தீவுப்பகுதிக்கு ஊர்காவற்துறை என்று பக்கத்தில் உள்ளதில் விசாரியுங்கள். எந்த நாளில் பார்க்கிறார்கள் என்பதை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி (mg/dL கணக்கில்) 100 க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை வந்தால் எச்சரிக்கை, 126 அல்லது அதற்கு மேல் திரும்பவும் வந்தால் சீனி வருத்தம். எச்சரிக்கைக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நம்பிக்கை தரும் ஒரு விஷயம் இருக்கிறது. 2002 இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், எடையில் 7 வீதத்தைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது 58 வீதத்தால் குறைந்தது. தமிழ்நாட்டில் எங்களைப் போன்ற உடம்புள்ளவர்களிடம் செய்த ஆய்வில் குறைவு 28 வீதம் அளவில். அதுவும் சிறிய விஷயமில்லை.

வைத்தியரிடம் உங்கள் காயங்களை மறைக்க வேண்டாம். பலர் பழைய கதை வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே, எப்படி என்று விளக்கத் தேவையில்லை, “உள்ளே இரும்புத் துண்டு இருக்கிறது” என்பது போதும். முக்கியமாக எம்ஆர்ஐ ஸ்கானுக்கு அனுப்பினால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் உள்ள துண்டு அசைந்தால் பெரும் கேடு.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ ஓடும் நோ, காரணமில்லாத வியர்வை, தலைச்சுற்று வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ச் சோடா குடிக்கும் பழக்கம் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது.

படி 3: உங்கள் ஊரைப் பாருங்கள்

எங்கள் குடாநாடு தட்டையானது. மேடு பள்ளம் இல்லாததால் சைக்கிளுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது. ஆனால் வெயிலும் காற்றும் பெரியவை. சோளகம் வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிராகப் போவது இரட்டிப்பு வேலை. அப்படியென்றால் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலருடைய பயிற்சி நின்று, தை வரை திரும்பத் தொடங்குவதில்லை. அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் செய்வதை (படி 6) முன்கூட்டியே பழகி வையுங்கள்.

பட்டினத்தில் இருப்பவர்களுக்கு நடக்க இடம் உண்டு. பழைய பூங்கா, ஆரியகுளம், முற்றவெளிப் பக்கம், பண்ணைக் கடற்கரை. காலை ஆறு மணிக்கு முந்தினால் வாகனமும் குறைவு. அவர்களுடைய பிரச்சினை கடைச் சாப்பாடு. கொத்து, றோல்ஸ், குளிர்களி எல்லாம் கையெட்டும் தூரத்தில்.

வலிகாமத்தில் தோட்டம் உள்ளவர்கள் வேலையே பயிற்சி என்று நினைக்கிறார்கள். வெங்காயம் நடுவதும் பிடுங்குவதும் கடும் வேலைதான். ஆனால் அது பருவ வேலை, பெரும்பாலும் குனிந்தபடி செய்வது. நாரியைக் கெடுக்கும், மூச்சைப் பெரிதாக வளர்க்காது. தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளை விட்டுச் சைக்கிளில் போவது நல்ல தொடக்கம்.

வடமராட்சிக் கரையில் மணல் இருக்கிறது. மணலில் நடப்பது தார் வீதியில் நடப்பதைவிடக் கூடுதல் உழைப்பு, மூட்டுக்கு அதிர்ச்சி குறைவு. ஆனால் செயற்கைக்காலோடு மணல் வேண்டாம். பாதம் புதைந்து தொடை முறுகும், மணல் துகள் உள்ளே போய்த் தோலை உரசும். ஈரமான, இறுகிய கரையோரம் மட்டும் பரவாயில்லை.

தென்மராட்சியில் ஏ9 வீதியோரம் நடப்பதைத் தவிருங்கள், பஸ்கள் உரசிக்கொண்டு போகின்றன. உள் ஒழுங்கைகள் நிழலானவை. முகமாலை, பளைப் பக்கம் போய் வருபவர்கள் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் குறுக்குவழி எடுக்கக் கூடாது. நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

தீவுகள்தான் எனக்கு அதிகம் கவலை. வேலணை, புங்குடுதீவு வரை பாலமும் பஸ்ஸும் உண்டு. நெடுந்தீவில் இருப்பவர் ஒரு கிளினிக் நாளுக்குக் குறிகட்டுவானுக்குப் படகு ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பட்டினம் வர வேண்டும். கடல் அடித்தால் அதுவும் இல்லை. மரக்கறியும் கடல் கடந்து வருவதால் விலை ஏறி, வாடி வருகிறது. தீவில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்வேன். மருந்தை எப்போதும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்திருங்கள், கிளினிக்கில் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். பிறசர் பார்க்கும் கருவி ஒன்றை நாலைந்து வீடு சேர்ந்து வாங்குங்கள். முருங்கை, பசளி, வல்லாரை மூன்றையும் வளவில் வையுங்கள். முருங்கைக்குத் தண்ணீர் அதிகம் தேவையில்லை.

பெண்களுக்கு ஊர் மட்டுமல்ல, ஊரின் கண்ணும் ஒரு தடை. இயக்கத்தில் இருந்தபோது ஓடினார்கள், மரம் ஏறினார்கள். இன்று காலையில் வீதியில் வேகமாக நடந்தால் “எங்க போறா?” என்று கேட்க ஆள் இருக்கிறது. தனியாக நடப்பது கூச்சமாக இருந்தால் கோவில் வெளிவீதி நல்ல இடம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்தால் சனசமூக நிலைய வளவில் மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும். வீட்டு ஆண்கள் அந்த அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உதவி என்று சொல்லாமல் கடமை என்று எடுங்கள்.

படி 4: பத்து வாரத்தில் அரை மணி நேர நடை

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி சொல்கிறது. பழைய நினைப்பில் முதல் நாளே ஐந்து கிலோமீற்றர் ஓடி, முழங்கால் வீங்கி, பிறகு ஒரு வருடம் பயிற்சியே செய்யாமல் விடுவது முன்னாள் போராளிகளிடம் அதிகம். மனம் இன்னும் பயிற்சி முகாமில் நிற்கிறது, மூட்டு அங்கே இல்லை.

முதல் இரண்டு வாரம்: நாளுக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஒன்பதாம் வாரம் முப்பது நிமிடம் வந்துவிடும், பத்தாவது வாரத்தில் அது பழகிவிடும். ஐந்து நாள், முப்பது நிமிடம் என்றால் 150 ஆயிற்று. வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சுப் போதாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

முழங்கால் நோ உள்ளவர்கள் நடையில் பாதியைச் சைக்கிளாக மாற்றுங்கள். ஆசனத்தை உயர்த்தி, மிதி கீழே போகும்போது முழங்கால் கொஞ்சம் மட்டும் மடிந்திருக்கும்படி வையுங்கள். எங்கள் ஆட்களில் பலர் ஆசனத்தை மிகவும் தாழ்த்தி வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்ளசைட் குளிசை எடுப்பவர்களும் பையில் நாலைந்து ரொபியோ குளுக்கோசோ வைத்திருங்கள். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனிக்குச் சமமானதைச் சாப்பிட்டு, இருந்து, கால்மணி நேரம் பாருங்கள்.

சீனி உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெறுங்காலோடு போவதாக நேர்த்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள், அந்த நேர்த்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெயில் ஏற முதல், மணல் குளிர்ந்திருக்கும்போது போய் வாருங்கள். வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்ததே தெரியாது. ஏற்கனவே ஒரு காலை இழந்தவருக்கு மிஞ்சியிருக்கும் மற்றக் கால் எவ்வளவு பெரிய சொத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: கால் இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்

இரண்டாம் உலகப் போரில் உறுப்பு இழந்த அமெரிக்க வீரர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1980 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முழங்காலுக்கு மேலே, முழங்கைக்கு மேலே என்று பெரிய அளவில் உறுப்பு இழந்தவர்கள், மற்றவர்களைவிட இதய வருத்தத்தில் அதிகமாக இறந்திருந்தார்கள். போரில் பட்ட காயம் இதயத்தை முப்பது வருடத்துக்குப் பிறகும் தேடி வருகிறது. எனவே கால் இழந்தவர்களுக்குப் பயிற்சி மற்றவர்களைவிடக் கூடுதல் அவசியம்.

செயற்கைக்காலோடு நடப்பவர் அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவழிக்கிறார், முழங்காலுக்கு மேலே இழந்தவர் இன்னும் கூடுதலாக. ஆகவே மற்றவர்களின் முப்பது நிமிடத்தோடு உங்களை ஒப்பிட வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்து, இரண்டு நிமிடம் இருந்து, திரும்ப ஐந்து நிமிடம் என்று பிரியுங்கள். நடந்த பிறகு காலைக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால், அல்லது தோல் உரிந்தால், ஆறும்வரை அந்தக் காலைப் போடக் கூடாது. எடை இரண்டு மூன்று கிலோ ஏறினாலும் இறங்கினாலும் செயற்கைக்காலின் குழி பொருந்தாது. துணியைச் சுற்றிச் சமாளிக்காமல் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்துக்கோ, நீங்கள் கால் செய்த இடத்துக்கோ போய்ச் சரிசெய்யுங்கள்.

நாள் முழுக்கக் கதிரையில் இருப்பதால் மிஞ்சிய தொடை முன்பக்கம் மடிந்தே இறுகிப் போகும். தினமும் கால்மணி நேரம் குப்புறப் படுங்கள். இதற்கு மேல் எளிய வைத்தியம் இல்லை, ஆனாலும் மிகச் சிலரே செய்கிறார்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கைதான் கால். இரண்டு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் காற்றில் குத்துவது, இருந்தபடியே கைகளை மேலே தூக்கி இறக்குவது, நாற்காலியைத் தட்டையான வீதியில் வேகமாகத் தள்ளுவது. ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று பத்துத் தரம். தோள் மூட்டு தேய்ந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதால், நோ வந்தால் அன்று விடுங்கள். கால்மணி, அரைமணி நேரத்துக்கு ஒருதரம் கையூன்றி இருக்கையிலிருந்து உடம்பைத் தூக்குவதும் பக்கவாட்டில் சரிவதும் படுக்கைப்புண்ணைத் தடுக்கும். முள்ளந்தண்டு மேலே காயப்பட்டவர்களுக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும். அவர்கள் வெயிலில் பயிற்சி செய்யவே கூடாது.

படி 6: வாரம் இரண்டு நாள் பலப் பயிற்சி

ஜிம் தேவையில்லை. கதிரையில் கை வைக்காமல் எழுந்து இருப்பது பத்துத் தரம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துத் தரம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது பத்துத் தரம். இந்த மூன்றையும் ஒரு சுற்றாக மூன்று சுற்று. நாரி நோவுக்குக் கடைசிப் பயிற்சி நல்லது. படுத்துக்கொண்டு தலையை முழங்காலுக்குக் கொண்டுபோகும் பழைய முகாம் பயிற்சியை விட்டுவிடுங்கள், நாரியில் பழைய காயம் உள்ளவர்களுக்கு அது கேடு.

படி 7: சாப்பாடு

நடையால் மட்டும் எடை பெரிதாக இறங்காது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. அரை மணி நேர நடையில் எரிவதை இரண்டு றோல்ஸ் ஐந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

முதலில் தேத்தண்ணியைப் பாருங்கள். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி, ஏறக்குறைய 50 கிராம், 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் அரைக் கரண்டி குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். சீனியை விட்டுப் பனங்கட்டியை அதே அளவில் கடிப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. போத்தல் பானங்களில் 2016 முதல் வட்ட நிறம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி. சிவப்பை வாங்காதீர்கள், பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

புட்டும் இடியப்பமும் குற்றமில்லை, அளவுதான் குற்றம். ஒரு நீத்துப்பெட்டிப் புட்டை ஒருவரே முடிப்பது உழைத்த காலத்துச் சாப்பாடு. தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து ஒன்றரைக் கோப்பை போடுங்கள், மிச்ச இடத்தைக் கத்தரிக்காய், பயிற்றங்காய், கீரையால் நிரப்புங்கள். சாப்பாட்டுத் தட்டில் பாதி மரக்கறி, கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ பருப்போ. நிவாரணக் காலத்தில் கோதுமை மாவுக்குப் பழகிய வீடுகள் சிவப்பரிசி மாவுக்குத் திரும்பலாம். குரக்கன் நல்லதுதான், ஆனால் குரக்கன் என்பதால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை பிழை. அதுவும் மாச்சத்துத்தான்.

சூடை மீன் மலிவு, கொழுப்பும் நல்ல கொழுப்பு. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சொதிக்கு முதற்பாலைத் தவிர்த்து மூன்றாம் பாலில் வைத்தால் ருசி கொஞ்சம் குறையும், அதைப் பச்சை மிளகாயும் தேசிக்காயும் ஈடுசெய்யும். கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் உப்புப் பொதிகள். பிறசர் உள்ளவர்கள் கிழமைக்கு ஒருதரத்தோடு நிறுத்துங்கள். ஒடியற்கூழ் பற்றிக் கேட்கிறார்கள். மீன், நண்டு, கீரை, பலாக்கொட்டை எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு அது, கூழோடு சோறும் சேர்க்காமல் இருந்தால் நல்லதே. கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும் சொக்கலேற் பெட்டியை வந்த அன்றே பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள்.

வேகத்தையும் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிக்கும் பழக்கம் உள்ளவர், வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போகுமுன்னே இரண்டாம் முறை போட்டுவிடுகிறார். வீட்டாரோடு இருந்து, கதைத்து, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள்.

படி 8: நித்திரை, மனம், குடி

இதை மூன்று தலைப்பாகப் பிரிக்கலாம், ஆனால் வாழ்க்கையில் அவை ஒன்றாகவே வருகின்றன. இரவில் கனவு வந்து விழிக்கிறார், திரும்ப நித்திரை வர ஒரு கால் போத்தல் எடுக்கிறார், குடித்தால் பொரியலும் மிக்சரும், காலையில் எழும்ப முடியாமல் நடை போய்விடுகிறது. மதுவில் ஒரு கிராமுக்கு 7 கலோரி, சீனியில் 4 தான். குடித்துப் படுத்தால் ஆழ்ந்த நித்திரையும் வராது.

பெரிதாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புகிறவர்கள் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அது எடையோடு வரும் வருத்தம், பிறசரை ஏற்றும். பெரும்பாலும் மனைவிக்குத்தான் இது தெரியும், ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தெல்லிப்பழையிலும் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. நேரே போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கதைக்கலாம். கூட்டம் சேரத் தயங்குகிறவர்கள் எங்களிடையே அதிகம், அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. பெரிய குழு தேவையில்லை. காலையில் கூட நடக்க ஒருவர் போதும். அவர் வாசலில் வந்து நின்றால் அன்று படுத்திருக்க முடியாது.

படி 9: கொப்பியில் எழுதுங்கள், மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கள்

மருந்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஞாயிறு தோறும் இரண்டு எண்: எடை, வயிற்றுச் சுற்று. தினமும் தராசில் ஏறாதீர்கள், தண்ணீரும் உப்பும் சேர்ந்து ஏறி இறங்கும் எண் மனதைக் குழப்பும். எண்பது கிலோ உள்ளவர் மூன்று முதல் ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ குறைத்தால் நல்ல முன்னேற்றம். தராசு அசையாமல் நாடா மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தாலும் வயிற்றுக் கொழுப்புக் கரைகிறது என்று அர்த்தம்.

பயிற்சியும் சாப்பாடும் சரியாக இருந்தும் மூன்று மாதத்தில் ஒன்றும் மாறாவிட்டால் தைரொயிட் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், பெண்கள் முக்கியமாக. மனநல மருந்துகளில் சில எடையை ஏற்றும். அதற்காக நீங்களாகவே நிறுத்தக் கூடாது, மாற்று மருந்து உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எடை இறங்கத் தொடங்கினால் சீனியும் பிறசரும் கூடவே இறங்கும். பழைய அளவு மருந்து அப்போது கூடிப்போய், எழும்பும்போது தலைச்சுற்று, சாப்பாட்டுக்கு முன் நடுக்கம் வரலாம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் கொப்பியோடு போய் அந்த எண்களைக் காட்டுங்கள், மருந்தைக் குறைப்பதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். செயற்கைக்கால் போடுகிறவர்கள் அதே கிழமையில் குழியையும் பார்க்கக் கொடுங்கள்.